மானியக் கணக்காய்வுக் கடிதம் வந்துவிட்டதா? சிங்கப்பூர்ச் சங்கப் பொருளாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 ஜூனில் எங்கள் சங்கம் இரண்டு நாள் நாடகப் பயிலரங்கு ஒன்றை நடத்தியது. செலவு 26,000 வெள்ளி. அதில் 15,000 வெள்ளி அரசு மானியம். நிகழ்ச்சி முடிந்தது, மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம், பிரியாணி சாப்பிட்டோம், மறந்துவிட்டோம். பதினாறு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மாலை, எம்ஆர்டியில் நின்றுகொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. அந்த மானியத்தைக் கணக்காய்வுக்கு எடுத்திருக்கிறார்களாம். மூன்று வாரத்துக்குள் மூல ஆவணங்கள் வேண்டுமாம்.

நிகழ்ச்சி நடந்த ஆண்டில் பொருளாளர் நான் இல்லை. இருந்தவர் வேலை மாறிப் பெர்த்துக்குப் போய்விட்டார். ரசீதுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அந்த மூன்று வாரம் நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மானியம் எந்த அமைப்பிலிருந்து வந்ததாக இருந்தாலும், கேட்கப்படும் தாள்கள் பெரும்பாலும் இவைதான்.

1. ஒப்புதல் கடிதத்தைத் தேடி எடுங்கள்

டின்னைத் திறக்காதீர்கள். முதலில் மானியம் தந்தபோது வந்த ஒப்புதல் கடிதத்தையும் அதன் இணைப்புகளையும் அச்செடுத்து, கையில் மஞ்சள் மார்க்கரோடு உட்காருங்கள். ஐந்து விஷயங்களில் கோடு போடுங்கள்: திட்டம் தொடங்கும் நாளும் முடியும் நாளும், மானிய விழுக்காடும் உச்சவரம்பும், ஏற்கப்படும் செலவு வகைகள், மாற்றம் செய்ய முன் அனுமதி தேவையா என்பது, ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது.

கணக்காய்வாளர் இந்தக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் உங்கள் ரசீதுகளைப் பார்ப்பார். நிகழ்ச்சி நல்ல நிகழ்ச்சியா, கூட்டம் கைதட்டியதா என்பதெல்லாம் அவர் வேலையில்லை.

கடிதம் கிடைக்கவில்லையென்றால் மானிய இணையவாசலில் இருக்கும். அங்கேதான் முதல் பள்ளம். தனிநபர் அரசு இணையக் கணக்கான சிங்பாஸ் வழியே உள்ளே போனாலும், சங்கத்தின் சார்பில் பார்க்க, அமைப்புகளுக்கான கார்ப்பாஸில் உங்களுக்கு அனுமதி தரப்பட்டிருக்க வேண்டும். செயற்குழு மாறியபோது யாரும் அதை மாற்றியிருக்க மாட்டார்கள். எங்களுக்கு இதிலேயே நான்கு நாள் போனது. பெர்த்தில் இருப்பவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியதாயிற்று.

2. வருவது யார் என்று கேளுங்கள்

மானியம் தந்த அமைப்பின் அதிகாரிகளே வரலாம். அவர்கள் அமர்த்திய கணக்காய்வு நிறுவனம் வரலாம். அல்லது உங்கள் செலவில் நீங்களே ஒரு பொதுக் கணக்காய்வாளரை அமர்த்தி அறிக்கை தரச் சொல்லலாம். தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் அந்த அமைப்பைச் சோதிக்கும்போது உங்கள் கோப்பையும் கேட்க நேரிடலாம். அப்போதும் கேள்வி பெரும்பாலும் அந்த அமைப்பின் வழியாகத்தான் உங்களிடம் வரும்.

மூன்றாவது வகை என்றால் கவனம். ஆண்டு வரவோ செலவோ 500,000 வெள்ளியைத் தாண்டாத பதிவுபெற்ற சங்கங்களில் இரண்டு உறுப்பினர்கள் கௌரவக் கணக்காய்வாளர்களாகக் கையெழுத்திடுவது வழக்கம். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அது போதும், மானியக் கணக்குக்குப் போதாது. நிறுவனங்களையும் கணக்காய்வாளர்களையும் பதிவு செய்யும் அரசு ஆணையமான அக்ராவில் பதிவான பொதுக் கணக்காய்வாளர் வேண்டும் என்று கடிதம் சொன்னால், நம் ராமு அண்ணன் முப்பது ஆண்டு வங்கியில் வேலை பார்த்தவர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முழுக் கணக்காய்வு அறிக்கையா, முன்கூட்டி ஒப்புக்கொண்ட சோதனைகளை மட்டும் செய்து கண்டதைச் சொல்லும் அறிக்கையா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வேலையும் கட்டணமும் வேறு.

3. எவ்வளவு போகும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் மானியம் ஏற்கப்பட்ட செலவில் 60 விழுக்காடு, உச்சவரம்பு 15,000 வெள்ளி. நாங்கள் காட்டிய செலவு 26,000. அதில் 60 விழுக்காடு 15,600 வருகிறது, ஆனால் உச்சவரம்பால் 15,000தான் கிடைத்தது. அதாவது 25,000 வெள்ளிச் செலவிலேயே வரம்பைத் தொட்டுவிட்டோம். மேலே இருந்த 1,000 வெள்ளி எங்களுக்கு மெத்தை.

கணக்காய்வில் 3,150 வெள்ளி தள்ளுபடி ஆனது. மீதி 22,850, அதில் 60 விழுக்காடு 13,710. நாங்கள் திருப்பிக் கட்டியது 1,290 வெள்ளி. மெத்தை இல்லாமல் சரியாக 25,000 மட்டும் காட்டியிருந்தால் 1,890 வெள்ளி போயிருக்கும்.

அதனால், வரம்பைத் தொட்டுவிட்டோம் என்று மீதிச் செலவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். ஏற்கத்தக்க செலவு எதுவாக இருந்தாலும், காசு வராது என்று தெரிந்தாலும், தாளோடு சேர்த்துக் காட்டுங்கள். பின்னால் ஏதாவது கழிந்தால் அது தாங்கும்.

வரவையும் மறக்காதீர்கள். நுழைவுச்சீட்டு விற்ற பணம், புரவலர் தந்த 500 வெள்ளி எல்லாம் கணக்கில் வரவேண்டும். அதே செலவுக்கு வேறொரு மானியமும் வாங்கியிருந்தால் அது ரசீதுக் குறைபாட்டைவிடப் பெரிய விவகாரம். சந்தேகம் இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

4. ஒரு செலவுக்கு ஒரு கட்டு

இப்போது டின்னைத் திறக்கலாம்.

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே வரிசையாக: கொட்டேஷன், செயற்குழு ஒப்புதல், இன்வாய்ஸ், பணம் கட்டிய சான்று, பொருளோ சேவையோ வந்து சேர்ந்ததற்கான சான்று. உறையின் மேல் எண். அதே எண் எக்செல் பட்டியலிலும். வங்கி அறிக்கையில் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் பென்சிலால் அதே எண். கணக்காய்வாளர் பட்டியலில் எந்த வரியைத் தொட்டாலும் பத்து வினாடியில் தாள் அவர் கைக்குப் போகவேண்டும். அப்படிப் போனால் அவர் இருபது கட்டு பார்த்துவிட்டு நிறுத்துவார். தேடித் தடுமாறினால் எல்லாவற்றையும் பார்ப்பார். நான் கண்ணால் கண்டது இது.

இன்வாய்ஸ் வேறு, ரசீது வேறு. இன்வாய்ஸ் கட்டச் சொல்லும் தாள், ரசீது கட்டியாயிற்று என்று சொல்லும் தாள். எங்களிடம் பாதிக்கு இன்வாய்ஸ் மட்டும்தான் இருந்தது. கைப்பேசிவழி வங்கிப் பணமாற்றமான பேநவ் மூலம் கட்டியிருந்ததால் வங்கி அறிக்கை காப்பாற்றியது.

தொண்டர்கள் தங்கள் கைக்காசிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது நம்மில் சகஜம். அப்படியென்றால் இரண்டு சான்று வேண்டும்: அவர் கடைக்குக் கட்டியது, சங்கம் அவருக்குக் கட்டியது. முதல் சான்றுக்கு அவருடைய சொந்த வங்கி அறிக்கையைக் கேட்க வேண்டிவரும். கேட்கும்போது சங்கடமாகத்தான் இருக்கும். மற்ற வரிகளைக் கறுப்படித்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் தரச் சொல்லுங்கள்.

வெப்பத்தாள் ரசீதுகள் ஓராண்டில் மங்கிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் ஸ்கேன் செய்யுங்கள். எங்கள் பழைய செயலாளர் அக்கா ரொம்பப் பொறுப்பானவர்; ரசீதுகள் பத்திரமாக இருக்கட்டும் என்று அத்தனையையும் லேமினேட் செய்துவிட்டார். அந்தச் சூட்டில் எல்லாம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டன. பதினோரு கறுப்பு அட்டைகள். கணக்காய்வாளரிடம் அவற்றைக் காட்டியபோது அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. தேக்காவில் வாங்கிய துணிக்குக் கடைக்காரர் பழைய பதிவைப் பார்த்து நகல் தந்தார், மற்றவை வங்கி அறிக்கையால் தேறின.

பூக்கடை தனிக்கதை. "நாலு மாலைக்கு ரசீதாக்கா? யாரு கேக்குறா?" என்பார் கடைக்காரர். கையில் ஒரு ரசீதுப் புத்தகம் வைத்திருங்கள். நீங்களே எழுதி, கடை முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். ஆனால் அதற்கு முன், மாலையும் பொன்னாடையும் ஏற்கப்படும் செலவுதானா என்று கடிதத்தில் பாருங்கள். எங்களுக்கு 410 வெள்ளி அதில்தான் போனது. பொன்னாடை இல்லாமல் தமிழ் நிகழ்ச்சியா என்று வாதாடிப் பார்த்தேன். பரிசுப்பொருள் என்ற பிரிவே எங்கள் திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

5. தேதியைப் பாருங்கள், தொகையைப் பிறகு பார்க்கலாம்

எங்கள் பெரிய இழப்புகளில் ஒன்று மண்டபம். 1,200 வெள்ளி. இடம் போய்விடுமே என்று ஒப்புதல் கடிதம் வருவதற்கு ஒன்பது நாள் முன்பே பணம் கட்டிப் பதிவு செய்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் கடிதத்தில் திட்டத் தொடக்க நாளுக்கு முந்தைய செலவு ஏற்கப்படாது என்று தெளிவாக இருந்தது.

ஒவ்வொரு இன்வாய்ஸின் தேதியையும் பணம் கட்டிய தேதியையும் எக்செல்லில் தனித்தனி நெடுவரிசையில் போடுங்கள். தொடக்க நாளுக்கு முன்னதும் முடிவு நாளுக்குப் பின்னதும் சிவப்பில் தெரியட்டும். சிவப்பு வந்தவற்றுக்கு முன் அனுமதி மின்னஞ்சல் ஏதாவது இருக்கிறதா என்று பழைய செயற்குழுவின் அஞ்சல்பெட்டிகளைத் துழாவுங்கள். ஒரு வரி "சரி" கூட உதவும்.

6. பொருள் சேவை வரி

கடையில் வரி போட்டார்கள், கட்டினோம், முடிந்தது என்று இருக்கமுடியாது. 2022 முடிய 7 விழுக்காடு, 2023இல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. தேதிக்கும் விழுக்காட்டுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வரி வசூலிக்கிறவர் வரிப் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும், இன்வாய்ஸில் பதிவெண் இருக்கவேண்டும். உள்நாட்டு வருவாய் ஆணைய இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு உண்டா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரியும், காசும் இல்லை.

எங்களுக்குச் சுவரொட்டியும் கையேடும் அச்சடித்தவர் 1,750 வெள்ளிக்கு 8 விழுக்காடு, அதாவது 140 வெள்ளி வரி போட்டிருந்தார். தாளில் பதிவெண் இல்லை. தேடினால் பட்டியலிலும் இல்லை. அந்த 140 தள்ளுபடி. 1,000 வெள்ளிக்கு மேற்பட்ட பில் என்றால் சுருக்க இன்வாய்ஸ் போதாது. வாங்குபவரின் பெயர் முகவரியோடு முழு வரி இன்வாய்ஸாக இருக்கவேண்டும். சங்கத்தின் பெயருக்குப் பதில் தலைவர் பெயரில் பில் வாங்கும் பழக்கத்தையும் இன்றே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வரிப் பகுதியை மானியம் ஏற்குமா என்பதும் கடிதத்துக்குக் கடிதம் மாறும்.

7. சென்னையிலிருந்து ஆள் அழைத்தீர்களா?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நம் சங்கங்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

எங்கள் பயிற்றுநர் சென்னைக்காரர். நிகழ்ச்சி முடிந்த இரவு உறையில் 1,400 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். சான்று? அவர் உறையை வாங்கும் வாட்ஸ்அப் படம். கையெழுத்து இல்லை, தொகை எழுதப்படவில்லை, ஒப்பந்தம் இல்லை. 1,400 முழுதும் தள்ளுபடி. பிறகு அவரை அழைத்துக் கடிதம் கேட்டேன். "என்னம்மா, ஒன்றரை வருஷம் கழிச்சு வந்து காசு வாங்குனியான்னு கேக்குறியே" என்றார். நியாயம்தானே.

ரொக்கமே வேண்டாம். வங்கி வழி அனுப்புங்கள், மாற்று விகிதம் தெரியும் வங்கித் தாளை வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லாமல் ரொக்கம் கொடுத்தால் பெயர், கடப்பிதழ் எண், என்ன பணிக்கு, எத்தனை வெள்ளி, தேதி, கையெழுத்து ஆகிய ஆறும் உள்ள வவுச்சர் வேண்டும்.

அடுத்தது பிடித்தவரி. சிங்கப்பூரில் வசிக்காத பேச்சாளர், பயிற்றுநர் போன்ற தொழில்முறையாளருக்குப் பணம் தந்தால், மொத்தத் தொகையில் 15 விழுக்காட்டைப் பிடித்து உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் கட்டவேண்டும். மேடைக் கலைஞர்களுக்கு முன்பு 10 விழுக்காடாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அதுவும் 15. பணம் கொடுத்த நாளிலிருந்து இரண்டாம் மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும்: ஜூன் 10இல் கொடுத்தால் ஆகஸ்ட் 15. "60 நாளுக்குள் திரும்பிப் போகிறவருக்கு வரி இல்லை" என்று யாராவது சொல்வார்கள். அது குறுகியகால ஊழியர்களுக்கான விலக்கு, கலைஞர்களுக்கும் தொழில்முறையாளர்களுக்கும் பொருந்தாது. இந்தியாவுடனான இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டின்படி சலுகை கேட்பதானால் அவருடைய வசிப்பிடச் சான்றிதழ் தேவை.

அழைக்கும்போதே பேசிவிடுங்கள். பேசிய தொகை 1,400 என்றால் பிடித்தபின் அவர் கைக்கு 1,190தான் போகும். கைக்கு 1,400 வரவேண்டும் என்றால் மொத்தம் 1,647 ஆகும், அந்த 247 வெள்ளியை வரவுசெலவுத் திட்டத்தில் முதலிலேயே எழுதவேண்டும்.

8. தம்பி கடையில் வாங்கினீர்களா?

வாங்கலாம், தப்பில்லை. மறைத்தால்தான் தப்பு. செயற்குழு உறுப்பினரின் உறவினர் கடை என்றால், அவர் அதை அறிவித்து, முடிவெடுக்கும்போது விலகி இருந்தார் என்று கூட்டக் குறிப்பில் இருக்கவேண்டும். விலையை ஒப்பிட வாங்கிய மற்ற இரண்டு கொட்டேஷனும் நிஜமாக வெவ்வேறு கடையினுடையதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் அக்ராவில் 5.50 வெள்ளி கட்டி நிறுவனத் தகவல் அறிக்கை வாங்கலாம். உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். கணக்காய்வாளரும் அதைத்தான் செய்வார்.

குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கவில்லையென்றால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். "சைவம் தனியாகச் சமைப்பவர்" என்பதும் காரணம்தான்.

9. வந்தவர் கணக்கு

120 பேர் வருவார்கள் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் 120 பேருக்கான சான்று கேட்பார்கள். கையெழுத்துப் பட்டியல், இணையப் பதிவுப் பட்டியல், சாப்பாட்டுப் பில்லின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். 80 பேர் வந்தார்கள், 150 பேருக்குச் சாப்பாடு என்றால் கேள்வி வரும்.

பட்டியலில் முழு அடையாள அட்டை எண் வாங்கியிருந்தால் அது வேறு தலைவலி. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டமும் கேட்காமல், ஆளை ஐயமின்றி உறுதிசெய்யும் அவசியமும் இல்லாத இடத்தில் அதை வாங்கக்கூடாது. பெயரும் தொடர்பு எண்ணும் போதும். பரிசாக ஃபேர்பிரைஸ் பேரங்காடிப் பற்றுச்சீட்டு கொடுத்திருந்தால், பற்றுச்சீட்டு வரிசை எண்ணோடு பெற்றவர் கையெழுத்துப் பட்டியல் வேண்டும். வாங்கிய ரசீது மட்டும் போதாது.

10. இல்லாத தாளை உண்டாக்காதீர்கள்

ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு, செயற்குழு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "பழைய தேதி போட்டு ஒரு மினிட்ஸ் எழுதிடலாமே" என்றார். எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது, மறைப்பானேன். பின்தேதியிட்ட ஆவணங்கள் பற்றித் தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகத்தின் ஆண்டறிக்கைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்திருக்கிறது. கோப்பின் உள்தகவலே எப்போது உருவானது என்று சொல்லிவிடும். 1,200 வெள்ளி தள்ளுபடியாவது பணக்குறை. போலித்தாள் குற்றம்.

தாள் இல்லையென்றால் இன்றைய தேதியிட்டு ஒரு விளக்கக் குறிப்பு எழுதுங்கள்: என்ன இல்லை, ஏன் இல்லை, பதிலாக என்ன இருக்கிறது. இருவர் கையெழுத்து. எங்கள் பதினோரு கறுப்பு அட்டைகளும் அப்படித்தான் தேறின.

11. எத்தனை நாள், எத்தனை வெள்ளி

மூன்று வாரத்தில் முதல் வாரம் கடிதம், இணையவாசல், வங்கி அறிக்கை. வங்கி அறிக்கையை முதல் நாளே கேளுங்கள். பழைய மாதங்கள் இணையத்தில் இல்லையென்றால் வங்கிக்கு எழுதிக் கேட்டு, கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் வாரம் உறை கட்டுவது. மூன்றாம் வாரத்தில் இரண்டு நாளை ஒதுக்கி, கணக்கு தெரிந்த, ஆனால் செயற்குழுவில் இல்லாத ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்துப் பத்துச் செலவைச் சும்மா கேட்கச் சொல்லுங்கள். என் மச்சான் உட்கார்ந்து கேட்டார். பத்தில் மூன்றுக்குப் பதில் இல்லை.

நேரம் போதாதென்றால் முதல் வாரத்திலேயே அவகாசம் கேளுங்கள். எங்களுக்குப் பத்து நாள் கிடைத்தது. கடைசி நாளில் கேட்டிருந்தால் முகமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

கணக்காய்வாளரை நாங்களே அமர்த்த வேண்டியிருந்தது. மூவரிடம் கேட்டோம், 900 முதல் 2,200 வெள்ளி வரை சொன்னார்கள். 1,200க்கு முடிந்தது. இந்தக் கட்டணத்தை ஏற்கும் மானியங்களும் உண்டு, ஆனால் விண்ணப்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. ஆக, கையிலிருந்து போனது 1,290 மானியம், 1,200 கட்டணம், நகலும் உறையும் வகையில் 60 சொச்சம்.

12. வந்த அன்றும் பிறகும்

ஒரு மேசை, ஒரு மின்னிணைப்பு, ஒரு தேநீர். பதில் சொல்ல ஒருவர் மட்டும் இருங்கள். நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு பதில் வரும். தெரியாததற்கு "பார்த்துவிட்டு நாளைக்குள் எழுதுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி எழுதுங்கள். கேட்டதைக் கொடுங்கள், கேட்காத கோப்பைத் திறந்து காட்டாதீர்கள்.

முதல்வரைவு அறிக்கை வந்ததும் பதில் எழுத நாள் கொடுப்பார்கள். ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாக, கட்டு எண் போட்டுப் பதில் எழுதுங்கள். எங்கள் வரைவில் முதலில் 3,900 வெள்ளி தள்ளுபடி என்று இருந்தது. ஒலிபெருக்கி வாடகை 750 வெள்ளிக்கான இன்வாய்ஸ் இரண்டு உறைக்கிடையில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து அனுப்பியதால் 3,150 ஆகக் குறைந்தது.

திருப்பிக் கட்டும்போது அவர்கள் தந்த மேற்கோள் எண்ணைப் பேநவ் குறிப்பில் போடுங்கள். கட்டியபின், இந்த மானியக் கோப்பு மூடப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள், கேட்டால்தான் வரும். அந்தக் கடிதத்தை முதல் உறையாக வைத்துக் கோப்பைக் கட்டுங்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு ஐந்து ஆண்டு போதும் என்றாலும் உங்கள் ஒப்புதல் கடிதம் இன்னும் கூடுதலாகக் கேட்கலாம். எந்த ஆண்டு வரை வைத்திருக்க வேண்டும் என்பதைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். ஸ்கேன் செய்தவை யாருடைய சொந்த ஜிமெயிலிலும் இருக்கக்கூடாது. சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி அதில் ஏற்றுங்கள், கடவுச்சொல்லை அடுத்த பொருளாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.